தூளியில் விழித்திருக்கும் குழந்தை

பெங்களூர் நகரின் புறப்பகுதிகளில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பும் இடங்களில் நாள்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். சாரத்தின் இரு கம்பங்களுக்கிடையே பழைய சேலை ஒன்று தூளியாகக் கட்டப்பட்டிருக்கும். அதனுள் ஐந்தாறு மாதக் குழந்தை. தாய் சற்றுத் தொலைவில் கலவைச் சட்டியைச் சுமந்துகொண்டிருப்பாள். தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும், வட கர்நாடகத்தின் ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்தும் வேலை தேடி வந்த சித்தாள்கள் பலருக்கு இதுவே குழந்தை வளர்ப்பு. குழந்தை அழுதால் தாயோ, பள்ளிக்குப் போகாமல் அருகில் அமர்ந்திருக்கும் மூத்த மகளோ வந்து தூளியை ஆட்டுவர். அழாவிட்டால் யாரும் வருவதில்லை. அழாத குழந்தைக்கு என்ன குறை என்பதே பொதுவான எண்ணம்.

தூளியைப் பழிப்பது நம் நோக்கமன்று. தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுக் குழந்தைகள் அதில் உறங்கியே வளர்ந்திருக்கின்றன. ஆனால் விழித்திருக்கும் குழந்தைக்கு அதனுள்ளிருந்து தெரிவதெல்லாம் இருபுறமும் சேலைத் துணி, மேலே ஒரு கீற்று வெளிச்சம், அவ்வளவே. கைகால் வீசவும் இடமில்லை, பற்றுவதற்கும் பொருளில்லை, முகம் பார்த்துப் பேச ஆளும் இல்லை. கட்டடத் தளத்துக் குழந்தைக்கு மட்டுமே இந்நிலை என்று எண்ணிவிடவும் கூடாது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணின் குழந்தையும், கணினி நிறுவனத்தில் பணிபுரியும் தம்பதியரின் குழந்தையும் வேறு வேறு வகையான தூளிகளில் விழித்துக் கிடக்கின்றன. அந்த விழிப்பு நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

எடைக்கு அப்பால்

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பெற்றது. கர்நாடகத்தில் மைசூர் மாவட்டத்தின் தி. நரசிபுரா அதன் முதற்களம். அன்று தொட்டு அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளை எடை பார்த்து அட்டையில் புள்ளியிட்டு வருகின்றனர். இது சிறிய சாதனையன்று. ஆயினும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 35.4 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் பெறவில்லை. எனவே ஊட்டத்தைப் பற்றிய கவலை குறைவதற்கில்லை.

ஆனால் திட்டத்தில் ஓர் இடைவெளி நெடுங்காலம் இருந்து வந்தது. அங்கன்வாடியின் பாட்டும் கதையும் விளையாட்டும் மூன்று வயது நிறைந்தவர்களுக்கே. அதற்குக் குறைந்த வயதினருக்கு வீட்டிற்கு எடுத்துச் செல்லும் சத்துணவுப் பொட்டலமும் தடுப்பூசியுமே கிட்டின. பிறக்கும்போது வளர்ந்தோர் மூளையின் எடையில் ஏறத்தாழக் கால் பங்காக இருக்கும் குழந்தையின் மூளை, இரண்டு வயது முடிவதற்குள் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. இவ்வளவு விரைவாக வேலை நடைபெறும் காலத்தில்தான் குழந்தையோடு யார் விளையாடுகிறார்கள் என்ற கேள்வியை எந்தப் பதிவேடும் கேட்கவில்லை. 2024-ஆம் ஆண்டு மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ‘நவசேதனா’ என்னும் பெயரில், பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தூண்டல் வழிமுறைகளை வெளியிட்டது. மாத வாரியாக 140 செயல்கள் அதில் தரப்பட்டுள்ளன. தாமதமாகவேனும் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது.

விளையாட்டுக்கு இத்துணை முக்கியத்துவம் தேவையா என்று ஐயுறுவோர் ஜமைக்கா நாட்டு அனுபவத்தை அறிதல் நலம். 1980-களின் பிற்பகுதியில் அந்நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மக்கிரகர் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் நான்கு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்குப் பால் உணவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் இல்லம் தேடி வந்து தாய்க்கு விளையாட்டுக் கற்பிக்கும் பணியாளர். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு நடந்தது. விளையாட்டுப் பொருள்கள் வீட்டில் கழித்துப் போட்ட டப்பாக்களிலும் துணிகளிலும் செய்யப்பட்டவை. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே குழந்தைகளைத் தேடிக் கண்டபோது, விளையாட்டு பெற்றவர்களின் வருவாய் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பால் உணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை. உணவு வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. உணவு மட்டும் போதாது என்பதே பொருள். நம் நாட்டிலும் ஒடிசா மாநிலத்தின் கட்டாக் நகரில் 54 குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகளிடம் இதே முறை பின்பற்றப்பட்டது. உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று இல்லங்களுக்குச் சென்றனர். பதினெட்டு மாதங்களில் குழந்தைகளின் அறிதிறன் மேம்பட்டது.

மாதங்களும் விளையாட்டுகளும்

தமிழருக்கு இச்செய்தி முற்றிலும் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கிப் பல நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடியுள்ளன. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைத் திங்கள்தோறும் ஒரு பருவம் என்பது மரபு. பாட்டுடைத் தலைவன் கடவுளாகவோ மன்னனாகவோ இருப்பினும், கவனித்துப் பார்க்கப்பட்டது ஏதோ ஒரு வீட்டுக் குழந்தைதான். இன்றைய குழந்தை மருத்துவம் கூறும் வளர்ச்சிப் படிகளோடு அப்பருவங்கள் பெரிதும் பொருந்தி வருவது வியப்பளிக்கிறது.

முதல் இரண்டு மாதங்களில் குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவே தெளிவாகத் தெரியும். மடியில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தொலைவு அதுவே. ஆகவே முதல் விளையாட்டுப் பொருள் முகம்தான். குழந்தை ‘ங்கா’ என்றால் நாமும் ‘ங்கா’ என்று சொல்லிவிட்டு, மறுமொழிக்குச் சற்றே காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருத்தலைப் பலரும் மறந்துவிடுகின்றனர். குழந்தையிடம் இடைவிடாது பேசிக்கொண்டே போவதைவிட, அதற்குப் பேச முறை கொடுப்பதே பயன் மிக்கது.

செங்கீரைப் பருவம் ஐந்தாம் திங்களுக்குரியது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் நிலை அது. இந்நிலையை அடையக் குழந்தைக்குக் கழுத்தும் தோளும் வலுப்பெற வேண்டும். அதற்கான வழி, விழித்திருக்கும் வேளையில் குப்புறப் படுக்க வைப்பதாகும். தவழத் தொடங்காத குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு அரைமணி நேரமேனும், சிறிது சிறிதாகப் பிரித்து, இவ்வாறு கிடத்தல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. தரையில் பாய் விரித்து, எதிரே நாமும் படுத்துக்கொண்டு முகம் காட்டினால் போதும். பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். உறங்கும்போது மல்லாந்தே கிடத்த வேண்டும். தூளியிலேயே பொழுதைக் கழிக்கும் குழந்தை இழப்பது இந்தப் பாயைத்தான்.

இங்கே நம் பாட்டிமார் குழந்தையைக் குளிப்பாட்டும் முறையையும் குறிப்பிட வேண்டும். காலை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறவும் மல்லாந்தும் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் கையையும் காலையும் நீவி, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் சொல்லிக்கொண்டே நீர் வார்ப்பார்கள். தொடுதல், அசைவு, சொல், முகம் நான்கும் ஒருங்கே அமைந்த இதனினும் சிறந்த தூண்டல் முறையை வல்லுநர் குழு கூடியும் வகுத்துவிட முடியாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், வாயால் ஊதுவதையும் மட்டும் விட்டுவிட வேண்டும்.

தால் என்றால் நா. தால் ஆட்டுதலே தாலாட்டு. ஏழாம் திங்களுக்குரிய இப்பருவத்தை ஒட்டியே குழந்தை ‘ப’, ‘ம’, ‘த’ என ஒலிகளை அடுக்கத் தொடங்குகிறது. அடுத்து ஒன்பதாம் திங்களில் சப்பாணி, அதாவது கைகொட்டல். இரு கைகளையும் உடலின் நடுவே கொணர்ந்து ஒன்றோடொன்று சேர்ப்பது எளிய செயலாக நமக்குத் தோன்றலாம். கண்ணும் கையும் மூளையின் இரு பகுதிகளும் ஒத்துழைத்தாலன்றி அது நிகழாது. இவ்வயதில் ஒரு எவர்சில்வர் தம்ளரையும் கரண்டியையும் கொடுத்துப் பாருங்கள். தட்டும், எறியும், எடுத்துத் தந்தால் மீண்டும் எறியும். எறிவது குறும்பன்று, ஆராய்ச்சி. கிண்ணத்தைத் துணியால் மூடிவிட்டு ‘எங்கே?’ எனக் கேட்பதும், நம் முகத்தையே முந்தானையால் மறைத்துக் காட்டுவதும் ஏறத்தாழ எட்டாம் மாதத்திலிருந்து குழந்தைக்குத் தனி இன்பம் தருவன. கண்ணுக்குத் தெரியாத பொருளும் இல்லாமற் போய்விடவில்லை என்பதை அது அப்போதுதான் கண்டறிந்து வருகிறது.

முத்தம் கேட்டுப் பெறும் பதினோராம் திங்களும், ‘வா’ என்றழைத்தால் தளர்நடையிட்டு வரும் வாரானைப் பருவமும் அடுத்து வருவன. இங்கே தாய்மாருக்கு ஒரு சொல். பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்துவிட்டது, நம் குழந்தை நடக்கவில்லையே என்று ஏங்க வேண்டா. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த உலக நலவாழ்வு நிறுவனம், எட்டு மாதத்திலிருந்து ஏறத்தாழப் பதினெட்டு மாதத்திற்குள் தனித்து நடப்பது இயல்பே என்று கண்டது.

சென்னபட்டணத்துக் கிலுகிலுப்பை

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணம் மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது. பிறகு தாழை மடலால் மெருகேற்றுகின்றனர். வழவழப்பும் கனமின்மையும் கூர்முனை இல்லாத உருண்டை வடிவமும் கொண்ட இக்கிலுகிலுப்பைகள் நான்கு மாதக் குழந்தையின் கைக்கென்றே செய்தவை போல் அமைந்துள்ளன. மஞ்சள் முதலிய இயற்கைச் சாயங்களைக் கொண்டு செய்தவையே வாயில் வைக்கும் குழந்தைக்கு ஏற்றவை. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்களுக்கு, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தர ஆணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. கைவினைஞரின் பிழைப்பு கருதி இது சரியே. ஆனால் அதனால் பார்த்து வாங்கும் பொறுப்பு பெற்றோரிடம் வந்து சேர்கிறது.

சென்னபட்டணம் வரை போக இயலாதவர்க்கும் குறையொன்றுமில்லை. ஒளி ஊடுருவும் சிறு பிளாஸ்டிக் புட்டியில் ஒரு கைப்பிடி துவரையைப் போட்டு மூடியைத் திறக்க முடியாதபடி இறுக்கிவிட்டால் அதுவே கிலுகிலுப்பை. பழைய பனியனைச் சுருட்டித் தைத்தால் பந்து. குழந்தையின் வாய்க்குள் முழுதாகச் செல்லக்கூடிய எதையும் தரலாகாது என்பது ஒன்றே விதி. மூன்று சென்டிமீட்டருக்கும் சிறிய பொருள்கள் அனைத்தும் ஆபத்தானவை. புளியங்கொட்டை, வேர்க்கடலை, நாணயம் இவற்றை அனைவரும் அறிவர். பலரும் அறியாதது, பாட்டுப் பாடும் மலிவுப் பொம்மைகளிலுள்ள பொத்தான் மின்கலம். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உட்கார வைத்துச் சுற்றிலும் வளையமிட்ட சக்கர நடைவண்டி இந்நகரக் கடைகளில் மிகுதியாக விற்கிறது. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. கவிழ்ந்து காயப்படுத்துவதே மிகுதி. கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. நின்றுகொண்டு தானே தள்ளிச் செல்லும் நம் பழைய மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. நிற்கக் கற்ற குழந்தைக்கு அதைத் தரலாம்.

மொழியும் கைப்பேசியும்

பெங்களூரில் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழையும் தெருவில் கன்னடத்தையும் கேட்கிறது. அடுத்த வீட்டில் தெலுங்கோ உருதோ இருக்கலாம். இதனால் குழந்தை குழம்பிப் பேச்சு தாமதமாகும் என்று அஞ்சிச் சிலர் வீட்டிலும் ஆங்கிலம் பேச முற்படுகின்றனர். இவ்வச்சம் தேவையற்றது. 1984-இல் கனடாவில் வெர்க்கர், டீஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஆறு மாதக் குழந்தைகள், நம் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் இணையான இந்தி ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தன, ஓராண்டு நிறையும் வேளையில் அத்திறன் அவற்றிடம் மங்கிப்போயிற்று. கேளாத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது. ஆகவே தாய்க்கு எந்த மொழி தடையின்றி வருகிறதோ அந்த மொழியிலேயே பேசுவதும் பாடுவதும் நன்று. கன்னடத்தைப் பக்கத்து வீட்டு அஜ்ஜி பார்த்துக்கொள்வார்.

கேட்டால் போதுமெனில் கைப்பேசியில் பாட்டு வைத்துவிடலாமே என்று தோன்றலாம். 2003-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, தலா 25 நிமிடமாகப் பன்னிரண்டு முறை கதை சொல்லி விளையாடினர். குழந்தைகள் சீன ஒலிகளைக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் அதே சொற்களைத் திரையில் பேசக் கேட்ட குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. ஏனெனில் திரை குழந்தையின் ‘ங்கா’வுக்குக் காத்திருப்பதில்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. தொலைவிலுள்ள தந்தையோடு காணொளியில் பேசுவதை இதனோடு சேர்க்க வேண்டியதில்லை.

நேரம் யாரிடம் உள்ளது?

மேலே கூறியவற்றுள் பணம் கேட்பது எதுவுமில்லை. எல்லாம் கேட்பது வேறொன்றை: களைப்பற்ற ஒரு பெரியவரின் நேரம். பெங்களூரில் கிடைத்தற்கு அரியதும் அதுவே. எட்டு மணி நேரம் செங்கல் சுமந்தவளிடம் குழந்தையோடு விளையாடு என்று அறிவுரை கூறுவது எளிது. அவளிடம் மிச்சமிருப்பது பால் கொடுக்கும் நேரமும் குளிப்பாட்டும் நேரமும்தான். ஆகவே தூண்டல் என்பது தனி வேலையாக அல்லாமல் அவ்விரண்டோடும் கலந்தே அமைய வேண்டும். குடும்பத்தின் ஆடவருக்கும் இதில் பங்குண்டு. தந்தையின் மடியில் விளையாடினால் குழந்தைக்குக் கண்ணேறு பட்டுவிடாது.

மனச்சோர்வுற்ற தாயால் குழந்தையின் முகத்துக்கு மறுமொழி தர இயலாது. அது சோம்பலன்று, நோய், தீரக்கூடிய நோய். பெங்களூர் தேசிய மனநல நரம்பியல் அறிவியல் நிறுவனத்தில் 2009-ஆம் ஆண்டு, தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒருங்கே சேர்த்து மருத்துவம் செய்யும் தனிப் பிரிவு தொடங்கப்பெற்றது. தாய்க்கு மருந்தளிப்பதோடு, குழந்தையோடு பழகவும் விளையாடவும் துணை நிற்பதும் அங்கு மருத்துவத்தின் பகுதியே.

காப்பகங்களைப் பொறுத்தமட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டுமென்று விதித்தது. ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் அமைக்க 2017-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம் வழிசெய்தது. 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டங்களிலும் ஐம்பது என்ற எண்ணே தொடர்கிறது. ஆனால் நான்கு மாடி வீடு ஒன்றைக் கட்டும் மேஸ்திரியிடம் ஐந்து பெண்களே இருப்பர். அத்தகைய தளங்கள் ஒரே தெருவில் பத்து இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் ஐம்பது சேராது. கர்நாடக அரசு 2023-இல் ஊரக வேலைத் திட்டத்துப் பெண்களின் மழலையருக்காக 4,000 ஊராட்சிகளில் ‘கூசின மனெ’ என்னும் காப்பகங்களை அறிவித்தது. கன்னடத்தில் கூசு என்பது கைக்குழந்தை. அது ஊராட்சிகளுக்கான திட்டம். நகரத்துத் தெருவுக்கு அது எட்டாது. தளத்தைக் கணக்கிடாமல் தெருவைக் கணக்கிட்டு, அங்கன்வாடியை ஒட்டி ஓர் அறையும் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும் நாள் முழுதும் இருக்குமாறு செய்தால், தூளிக் குழந்தைக்குப் பாயும், அக்காவுக்குப் பள்ளியும் ஒருசேரக் கிடைக்கும்.

இறுதியாக, விளையாட்டின்போதே கண்டுகொள்ள வேண்டிய சில அறிகுறிகள் உள. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமை, ஆறு மாதமாகியும் ஒலி வந்த பக்கம் திரும்பாமை, ஒன்பது மாதம் கடந்தும் துணையின்றி உட்காராமை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துதல், முன்பு செய்ததை மறந்துவிடுதல் ஆகியவை மருத்துவரிடம் காட்டத்தக்கவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தைக் கணக்கிட வேண்டும். 2018-இல் தொடங்கிய இல்லம்சார் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்படி ஆஷா பணியாளர் குழந்தையின் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் வீட்டிற்கு வருவார். தளம் விட்டுத் தளம் மாறும் குடும்பத்தினர் கர்நாடகத்தில் ‘தாயி அட்டை’ எனப்படும் தாய் சேய் அட்டையைத் தவறாது உடன் கொண்டு சென்று, புதிய இடத்து அங்கன்வாடியில் முதல் வாரத்திலேயே காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். எடையைக் குறித்துக்கொள்ளும் பணியாளரிடம், இம்மாதம் குழந்தையோடு என்ன விளையாடலாம் என்றும் கேட்கலாம். அவ்வட்டையிலேயே அதற்கான படங்கள் அச்சிடப்பட்டுள்ளன.